வேதக்கோயில் மணிக்கு உலை வைத்த அப்பத்தா

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தவர். வீட்டில் அவர் ஒருவர்தான் கிறிஸ்தவர். போன மாதம் முழு இரவு ஜெபத்தில் பேசிய ஊழியர், "இயேசுவை அறியாம செத்துப்போன உங்க தாத்தா பாட்டியெல்லாம் இந்த நிமிஷம் அக்கினியில கிடக்காங்க" என்று சொன்னாராம். அன்றிலிருந்து தம்பிக்குச் சரியான தூக்கம் இல்லை. அவரை வளர்த்தது அப்பத்தா.

அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஊருக்குக் கிழக்க காலனியில வேதக்கோயில் இருக்கு. சாயங்காலம் அந்த மணி அடிச்சா எங்க அப்பத்தா உலை வைக்கும். அதுக்கும் சபைக்கும் இருந்த தொடர்பு அம்புட்டுத்தான். யாரும் எங்க தெருவுக்கு வந்து எதுவும் சொன்னதில்ல. அது யாருக்கும் கெடுதல் பண்ணதில்ல. கேள்வியே படாதவங்களுக்கு நரகம்னுதான் கிறிஸ்தவம் சொல்லுதா? வர்ற மாசம் அதுக்கு நினைவு நாள், நான் ஜெபிக்கலாமா?"

தம்பி, உங்கள் ஊழியரை முதலில் தள்ளிவிட வேண்டாம். அவர் இதைத் தன் கையிலிருந்து போட்டுச் சொல்லவில்லை. சபை வரலாற்றில் நெடுங்காலம் இதுதான் ஓங்கிய குரல். இன்றும் மதுரையில் பல பெந்தெகொஸ்தே சபைகளில் இதைத்தான் கேட்பீர்கள், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களிலும் மூத்தவர்கள் பலர் மனதில் இதுதான் இருக்கிறது. ஆனால் இது ஒன்றே கிறிஸ்தவத்தின் பதில் என்று அவர் சொல்லியிருந்தால் அங்கேதான் எனக்குச் சண்டை. போதகர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பல வருடம் பாடம் எடுத்தவன் நான். இந்தக் கேள்வி பரீட்சைத் தாளில் வந்தால் எல்லாரும் நாலு பக்கம் எழுதிவிடுவார்கள். துட்டி வீட்டில் ஒரு மகன் கேட்கும்போதுதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஒருமுறை ஆனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கண்டிப்பான பக்கம் நிற்கிற வசனங்கள் உங்களுக்கே தெரிந்திருக்கும். "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்று யோவான் 14இல் இயேசுவே சொல்கிறார். அப்போஸ்தலர் 4இல் பேதுரு, வானத்தின் கீழெங்கும் வேறொரு நாமம் கட்டளையிடப்படவில்லை என்கிறார். பவுல் ரோமர் 10இல், "கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள்? பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" என்று அடுக்கிக்கொண்டே போகிறார். இதோடு ரோமர் 1ஐச் சேர்த்துப் படிப்பார்கள்: படைப்பைப் பார்த்தே படைத்தவரை அறியலாம், ஆகவே யாருக்கும் போக்குச்சொல்ல இடமில்லை. இவர்களுடைய வாதம் முரட்டு வாதம் இல்லை. கேள்விப்படாததற்காக யாரும் தண்டிக்கப்படுவதில்லை, பாவத்துக்காகத்தான் தண்டிக்கப்படுகிறார்கள் என்பது அவர்கள் நிலை. பாம்பு கடித்தவன் விஷத்தால் சாகிறான். ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று தெரியாததால் சாகிறான் என்று யாரும் எழுதுவதில்லை, அல்லவா? அப்படி.

இந்த உவமையில் ஒரு ஓட்டை இருக்கிறது. நம் வைத்தியர் எந்தக் கிராமத்துக்கும் எந்த நொடியும் போக வல்லவர் என்றும், யாரும் சாகக்கூடாது என்பதே அவர் ஆசை என்றும் அதே வேதம் சொல்கிறது. "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும், சத்தியத்தை அறிகிற அறிவை அடையவும், அவர் சித்தமுள்ளவராயிருக்கிறார்" என்பது 1 தீமோத்தேயு 2. அப்புறம் ரோமர் 2: நியாயப்பிரமாணம் இல்லாத புறஜாதியார் தங்கள் மனச்சாட்சியே சாட்சியாக நடக்கிறார்கள் என்று பவுலே எழுதுகிறார். லூக்கா 12இல் எஜமானின் சித்தத்தை அறியாதவனுக்குச் சில அடிகள்தான், அறிந்தவனுக்கே அநேக அடிகள். யோபு இஸ்ரவேலர் இல்லை. ஆபிரகாமை ஆசீர்வதித்த மெல்கிசேதேக்குக்கு எந்த ஊழியர் போய்ப் பிரசங்கித்தார்?

கொர்நேலியுவை இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவன் ரோமப் படைக்காரன். ஜெபமும் தர்மமும் செய்தவன். அவை தேவசந்நிதியில் எட்டின என்று தூதனே சொல்கிறான். "பார்த்தாயா" என்பார்கள் ஒரு பக்கம். "அப்படியானால் பேதுருவை ஏன் அனுப்பினார்? இரட்சிக்கப்படுவதற்கான வார்த்தைகளைச் சொல்லத்தானே?" என்பார்கள் மறுபக்கம். இரண்டும் அப்போஸ்தலர் 10, 11 அதிகாரங்களில் இருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை.

ரோமர் 10ஐ வைத்துப் பயமுறுத்துகிறவர்கள் பெரும்பாலும் 17ஆம் வசனத்தோடு வேதத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். "அவர்கள் கேள்விப்படவில்லையா என்று கேட்கிறேன், கேள்விப்பட்டார்கள்" என்று சொல்லிவிட்டு, ஆதாரமாகப் பவுல் 19ஆம் சங்கீதத்தை எடுக்கிறார். அது வானங்கள் பேசுவதைப் பற்றிய சங்கீதம். பகலுக்குப் பகல் வார்த்தைகளைப் பொழிகிறது, இரவுக்கு இரவு அறிவைத் தெரிவிக்கிறது என்று வரும் அந்தப் பாட்டு. அங்கே அவர் முக்கியமாக யூதர்களை மனதில் வைத்துப் பேசுகிறார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் "கேட்பது" என்பது அவர் மனதில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வது மட்டும் இல்லை என்பது தெரிகிறது.

உங்கள் கேள்வியின் மையச் சொல்லே அதுதான், தம்பி. கேள்விப்படாதவர் என்றால் யார்?

ஒரு கூட்டம் சந்தேகமே இல்லாமல் கேள்விப்படாதவர்கள். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் போனால் கீழடி. பானை ஓட்டில் "ஆதன்" என்றும் "குவிரன் ஆதன்" என்றும் யாரோ கீறிவைத்த பெயர்களை அங்கே பார்க்கலாம். தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை அந்த ஊரின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோனது. குவிரன் ஆதன் தன் பானையில் பேர் கீறியபோது பெத்லகேமில் எந்தக் குழந்தையும் பிறக்கவில்லை. அவரிடம் போய் நீ ஏன் விசுவாசிக்கவில்லை என்று எந்த நியாயாதிபதி கேட்பார்?

இது இன்று முளைத்த சந்தேகமும் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற சபைத் தகப்பன், பின்னால் இரத்தசாட்சியாக இறந்தவர், இதே கேள்விக்குப் பதில் எழுதினார். கிறிஸ்து பிறந்து 150 வருடம்தான் ஆகிறது என்கிறீர்களே, அதற்கு முந்தியவர்கள் கதி என்ன என்று ரோமர்கள் கேட்டார்கள். அவர் யோவான் 1ஐப் பிடித்தார். ஆதியிலே இருந்த வார்த்தையில் மனுஷகுலம் முழுவதற்கும் பங்கு உண்டு. அந்த வார்த்தையின்படி வாழ்ந்தவர்கள், சாக்ரடீஸைப்போல, நாத்திகர் என்று ஏசப்பட்டாலும் கிறிஸ்தவர்களே என்றார். துணிச்சலான பதில். எல்லாரும் ஏற்கவில்லை. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் அகுஸ்தீன் என்ற இன்னொரு சபைத் தகப்பன் எதிர்த்திசையில் இழுத்தார்; ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்கும் தண்டனை உண்டு, மிக இலேசான தண்டனை என்று சொல்லுமளவுக்குப் போனார். மேற்கத்திய சபை பல நூற்றாண்டு அவர் நிழலில்தான் நடந்தது. 1442இல் சபைத் தலைவர்கள் கூடிய புளோரன்ஸ் சங்கம், திருச்சபைக்கு வெளியே இருப்பவர்கள் சாகுமுன் அதில் சேராவிட்டால் நித்திய அக்கினிக்கே போவார்கள் என்று எழுதிவைத்தது.

அன்றைய ஐரோப்பியன் மனதில் உலகம் என்பது ஐரோப்பாவும் அதைச் சுற்றி ஒரு முழமும். நற்செய்தி எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, சேராதவன் பிடிவாதக்காரன் என்று நம்ப முடிந்தது. காட்டில் தனியே வளர்ந்த ஒருவன் இருந்தால் என்ன செய்வது என்று தோமா அக்குவினாஸ் என்ற இறையியலாளர் 13ஆம் நூற்றாண்டிலேயே யோசித்தார். அவன் மனச்சாட்சிப்படி நன்மையைத் தேடினால் தேவன் உள்ளத்தில் வெளிப்படுத்துவார், இல்லையென்றால் கொர்நேலியுவுக்குப் பேதுருவை அனுப்பியதுபோல ஒருவரை அனுப்புவார் என்று முடித்தார். அவருக்கு அது ஒற்றை ஆள், ஒரு விதிவிலக்கு. அடுத்த நூற்றாண்டில் இத்தாலியக் கவி தாந்தே அந்த ஆளை நம் நாட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். சிந்து நதிக் கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவைப் பற்றிப் பேசவோ எழுதவோ அங்கே யாரும் இல்லை. சொல்லிலும் செயலிலும் குற்றமில்லாமல் வாழ்ந்து இறக்கிறான். அவனைத் தண்டிப்பது எந்த நீதி? கவிதையில் வரும் பதில், நீதிபதி ஆசனத்தில் உட்கார நீ யார் என்பது. கூடவே ஒரு குத்தல்: கிறிஸ்து, கிறிஸ்து என்று கூவுகிற பலர், அவரை அறியாதவனைவிட அன்றைக்கு அவருக்குத் தூரமாய் நிற்பார்கள்.

பிறகு 1492 வந்தது. புளோரன்ஸ் சங்கம் அப்படி எழுதிவைத்து 50 வருடம். கொலம்பஸ் கப்பல் கரை தட்டியபோது அந்த ஒற்றை ஆள் கோடிக்கணக்கான ஜனமாகிவிட்டார். ஸ்பெயினில் சலமன்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தே வித்தோரியா என்ற சாமியார் 1539இல் ஒரு விரிவுரை நடத்தினார். என்னைக் கேட்டால் இந்த விவாதம் முழுவதிலும் மிக நேர்மையான இடம் அதுதான். அமெரிக்கப் பழங்குடிகளுக்கு விசுவாசம் அறிவிக்கப்பட்டாகிவிட்டதே, மறுத்தவர்கள் குற்றவாளிகள்தானே என்ற வாதத்தை அவர் எடுத்தார். அவர்கள் விசுவாசித்தே ஆகவேண்டும் என்கிற அளவுக்கு அது அவர்கள் முன்னால் வைக்கப்பட்டதாக எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்றார். அற்புதங்களையோ பரிசுத்த வாழ்க்கையின் மாதிரியையோ பற்றி ஒன்றும் காதில் விழவில்லை, கொடுமைகளைப் பற்றித்தான் விழுகிறது என்று காரணமும் சொன்னார்.

அதாவது, சொல்லப்பட்டது என்பதும் கேட்கப்பட்டது என்பதும் ஒன்றில்லை.

இதற்கு உதாரணம் தேட ஸ்பெயினுக்கோ மெக்சிகோவுக்கோ போகவேண்டாம். 1590களின் நடுவிலிருந்து மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசிய சாமியார் இருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து இங்கே வந்து போன பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டார். நல்ல மனுஷன், ஏழைகளுக்கு உதவியவர். பத்து வருடத்துக்கு மேல் இருந்தும் ஊர்க்காரர் யாரும் அவர் பக்கம் வரவில்லை. காரணம் வேதத்தில் இல்லை. அவர் பரங்கி. மாடு தின்கிறவர், மது குடிக்கிறவர், தீட்டுப் பார்க்காதவர். கிறிஸ்தவனாவதை அந்தக் காலத்தில் சபைக்காரர்களே "பரங்கிக் குலத்தில் புகுவது" என்ற பாணியில்தான் கேட்டார்கள். 1606இல் வந்த இராபர்ட் தே நோபிலி என்ற இத்தாலிய சாமியார், தத்துவ போதகர் என்று பேர் பெற்றவர், இதைப் பார்த்துத் திகைத்தார். அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று தலையாட்டிய மதுரைக்காரன் இயேசுவை மறுத்தானா, பரங்கியை மறுத்தானா? அவனைக் கேள்விப்பட்டவர் கணக்கில் எழுதுவதா, கேள்விப்படாதவர் கணக்கிலா?

நோபிலி காவி கட்டி, சைவம் உண்டு, தமிழும் வடமொழியும் கற்று அந்தத் தடையை உடைத்தார். 1623இல் ரோமாபுரியும் அவர் முறைக்கு இணங்கியது. ஆனால் அவரைப் புகழ்கிறவர்கள் வேகமாகத் தாண்டிப்போகிற ஒரு பக்கம் இருக்கிறது. மேல்குலத்தார் கேட்கவேண்டும் என்பதற்காக அவர் பெர்னாண்டஸோடும் பரதவரோடும் பழகுவதையே தவிர்த்தார். தாழ்த்தப்பட்டோருக்குப் பிறகு பண்டாரசாமிகள் என்று தனியாகச் சாமியார்களை வைத்தார்கள். ஒருவன் காதில் விழவேண்டும் என்றால் இன்னொருவனைத் தூரத்தில் நிறுத்தவேண்டியிருந்தது. யார் கேள்விப்படுகிறார்கள், யார் கேள்விப்படுவதில்லை என்பதை இந்த ஊரில் கடல் தீர்மானித்ததைவிடச் சாதி அதிகமாகத் தீர்மானித்திருக்கிறது.

உங்கள் அப்பத்தா தினமும் மணியைக் கேட்டார். அந்த மணி எதற்கு அடிக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. காலனிக்கும் உங்கள் தெருவுக்கும் நடுவே எத்தனை அடி தூரம் இருந்தது, எத்தனை தலைமுறைத் தூரம் இருந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். காதுள்ளவர் எல்லாரும் கேள்விப்பட்டவர் இல்லை. இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை. வித்தோரியா சொன்ன அளவுகோலை வைத்துப் பார்த்தாலே அவர் கேள்விப்படாதவர் பக்கம்தான் வருவார்.

இப்போது என் கதை. இருபத்தைந்து வயதில் வாடிப்பட்டிப் பக்கம் தெருப்பிரசங்கத்துக்குப் போனேன். திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டது. கடைசியில், "சரிய்யா, எங்க ஆத்தா இது ஒண்ணும் தெரியாமப் போயிருச்சே, அது எங்க இருக்கும்?" என்றது. படித்ததை அப்படியே ஒப்பித்தேன். கிழவி நாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அப்ப ஆத்தா இருக்கிற எடத்துக்கே நானும் போறேன். நீங்க கெளம்புங்க" என்றது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பல வருடம் கழித்துத்தான் படித்தேன், 8ஆம் நூற்றாண்டு ஃப்ரீசிய மன்னன் ராட்போடு பற்றியும் இதே கதை சொல்வார்கள் என்று. ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு காலை வைத்துவிட்டு, என் முன்னோர் எங்கே என்று கேட்டானாம். நரகத்தில் என்றார்களாம். காலை வெளியே எடுத்துவிட்டானாம். அது கட்டுக்கதையாகவே இருக்கலாம். எனக்கு அது வாடிப்பட்டியில் நடந்தது.

பிரான்சிஸ் சவேரியார் 1552இல் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. 1542 முதல் நம் முத்துக்குளித்துறையில் உழைத்து, பிறகு ஜப்பான் போய்த் திரும்பியவர். புதிதாக விசுவாசித்த ஜப்பானியர்கள் இறந்துபோன பெற்றோரை, பிள்ளைகளை நினைத்து அழுகிறார்கள் என்கிறார். ஜெபத்தாலோ தர்மத்தாலோ அவர்களை மீட்க வழி உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லவேண்டியிருக்கிறது. அவர்கள் அழுவதைப் பார்த்து எனக்கும் துக்கம் வருகிறது என்று எழுதுகிறார். அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கடவுள் நல்லவர் என்றால் இத்தனை காலம் எங்களுக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று அவர்கள் மடக்கியபோது, கொலையும் களவும் தீது என்பது எந்த மதமும் வந்து சொல்லுமுன்பே உங்களுக்குத் தெரியுமே, அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். தான் பிடித்திருந்த பாடத்தின் விளிம்பு வரை வந்துவிட்டார். தாண்டவில்லை.

தாண்ட மேலும் 300 வருடம் ஆனது. 1863இல் ஒன்பதாம் பயஸ் போப்பு, தன் குற்றமில்லாமல் அறியாமையில் இருப்பவர், மனதில் எழுதப்பட்ட நியாயத்தைக் கைக்கொண்டால், தேவகிருபையால் நித்திய ஜீவனை அடையமுடியும் என்று எழுதினார். அவர் தாராளவாதி அல்ல, நேர் எதிர். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதைத் திருச்சபையின் போதனையாகவே விரித்துச் சொன்னது. அதே மூச்சில், பலர் சோதனைக்காரனால் வஞ்சிக்கப்பட்டு வழிதவறுகிறார்கள், ஆகவே அறிவிப்பது அவசியம் என்றும் சொன்னது. இந்த வாக்கியத்தை நம் ஆட்கள் மேற்கோள் காட்டுவதில்லை. அகுஸ்தீன் இலேசான தண்டனை சொன்ன அந்தக் குழந்தைகள் விஷயத்திலும், நம்பிக்கை கொள்ள நல்ல காரணங்கள் இருக்கின்றன என்று 2007இல் வத்திக்கான் இறையியல் குழு ஓர் அறிக்கை தந்தது.

கார்ல் ரானர் என்ற ஜெர்மானிய இறையியலாளர், இப்படிப்பட்டவர்களைப் "பெயர் அறியாக் கிறிஸ்தவர்கள்" என்று சொல்லலாம் என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், உங்களுக்கே தெரியாமல் நீங்கள் கிறிஸ்தவர் என்று சொல்லிப்பாருங்கள். அவர் பதிலுக்கு, அப்ப நீங்களும் தெரியாம மாரியாத்தா பக்தர்தான் என்றால் நம் முகம் எப்படி இருக்கும்? எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை.

புராட்டஸ்டன்டு வீட்டிலும் ஒரே குரல் இருந்ததில்லை. சூரிச்சில் சபைச் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லி, பரலோகத்தில் சாக்ரடீஸைப் பார்ப்போம் என்று எழுதினார், லூத்தர் கொதித்துப்போனார். 1640களின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை கதவை இறுகச் சாத்தியது. ஆனால் வார்த்தையால் அழைக்கப்பட இயலாத சிலரும் தெரிந்துகொள்ளப்பட்டவர்களாக இருக்கலாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்தது. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1790இல், கிறிஸ்தவ உலகத்துக்கு வெளியே இருப்பவர்களை நியாயந்தீர்க்க எனக்கு வேதத்தில் அதிகாரம் இல்லை என்று பிரசங்கித்தார். நரகத்தைப் பற்றி ஊரூராய்ப் பேசியவர் வாயிலிருந்து வந்தது இது.

நம் ஊருக்கு 1834இல் மதுரை மிஷனை அனுப்பியது அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரிச் சங்கம். பசுமலையும் அமெரிக்கன் கல்லூரியும் அதன் பிள்ளைகள். கேள்விப்படாதவர் அழிகிறார்கள் என்ற நெருப்புதான் அவர்களைக் கப்பலேற்றியது. அதை நான் கேலி செய்யமாட்டேன். அந்த நெருப்பு இல்லாவிட்டால் இங்கே பல பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் இல்லை. ஆனால் 1880களில் அந்தப் போர்டுக்குள்ளேயே பெரும் சண்டை. இந்த வாழ்வில் வாய்ப்புக் கிடைக்காதவருக்கு மரணத்துக்குப் பின் ஒரு வாய்ப்பு உண்டா? அகமத்நகரில் ஊழியம் செய்த ராபர்ட் ஹியூம் 1886இல் விடுமுறைக்குப் போனபோது அந்த எண்ணத்துக்கு இடமுண்டு என்று பேசிவிட்டார். அவரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவதையே நிறுத்திவைத்தார்கள். பிறகு விட்டார்கள்.

மரணத்துக்குப் பின் வாய்ப்பு என்பதற்கு 1 பேதுரு 3, 4 அதிகாரங்களைக் காட்டுவார்கள்: காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார், மரித்தவர்களுக்கும் சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது என்ற பகுதிகள். வேதத்திலேயே கடினமான வசனங்கள் அவை. அவற்றின்மேல் பெரிய வீடு கட்ட நான் பயப்படுவேன். ஆனாலும் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் "பாதாளத்தில் இறங்கினார்" என்று சொல்கிறோமே, சும்மா சொல்லிவிட்டுப் போகிற வரியா அது? கிழக்கத்திய சபைகளின் ஓவியங்களில் கிறிஸ்து பாதாளத்தின் கதவை மிதித்து உடைத்து ஆதாமையும் ஏவாளையும் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். கடைசியில் எல்லாருமே மீட்கப்படுவார்கள் என்று ஆதிச் சபை அறிஞர் ஓரிகன் காலத்திலிருந்து சொல்கிறவர்களும் உண்டு. பெரும்பாலான சபைகள் ஏற்கவில்லை, எனக்கும் அது மனுஷனின் "வேண்டாம்" என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லாமல் செய்வதாகப் படுகிறது.

நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்பீர்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். 37 வயது. 1959 வரை இங்கே கிராமம் கிராமமாக அலைந்தார். அதற்கு முன் காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு உட்கார்ந்து உபநிடதமும் யோவான் சுவிசேஷமும் மாறிமாறிப் படித்தவர். கிறிஸ்துவைத் தவிர இரட்சகர் இல்லை என்பதில் கடைசிவரை இம்மியும் அசையாதவர். அவரே 1989இல் எழுதிய புத்தகத்தில், கிறிஸ்தவரல்லாதவர் இரட்சிக்கப்படவே முடியாது என்று சொல்ல மறுக்கிறார். கிருபையைச் சபைச் சுவருக்குள் அடைக்கவும் மறுக்கிறார். மற்ற மதங்களே இரட்சிப்பின் பாதைகள் என்று சொல்லவும் மறுக்கிறார். செத்தபின் இன்னார் எங்கே போவார் என்ற கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது, அது தேவன் ஒருவருக்கே தெரிந்தது என்கிறார். லூக்கா 13இல் ஒருவன், "ஆண்டவரே, இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ" என்று கேட்கிறான். இயேசு எண்ணிக்கை சொல்லவில்லை. இடுக்கமான வாசலில் நுழைய நீ பிரயாசப்படு என்றார். கேட்டவன் பக்கமே திருப்பிவிட்டார்.

அரைநூற்றாண்டு படித்தபின் நானும் அங்கேதான் வந்து நிற்கிறேன். உங்கள் அப்பத்தா பரலோகத்தில் இருக்கிறார் என்று நான் எழுதித்தர முடியாது. அக்கினியில் கிடக்கிறார் என்று சொல்ல அந்த ஊழியருக்கும் அதிகாரம் இல்லை. அப்பத்தா மீட்கப்பட்டிருந்தால் அது கிறிஸ்துவாலேதான், கிறிஸ்துவின் பேர் தெரியாமலே. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். சோதோமுக்காக மன்றாடின ஆபிரகாம், "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்டான் அல்லவா, அந்தக் கேள்வியின்மேல் சாய்ந்துகொள்ளலாம். தகப்பன் நம்மைவிடக் கல்நெஞ்சனாக இருப்பான் என்று நினைக்க எனக்கு வரவில்லை.

அப்படியானால் எதற்குச் சுவிசேஷம் சொல்லவேண்டும் என்று உங்கள் சபையில் கண்டிப்பாகக் கேட்பார்கள். நீங்கள் ஏன் ஞானஸ்நானம் எடுத்தீர்கள் என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். நரகத்துக்குப் பயந்து மட்டுமா? அப்படி இல்லையென்றால் பதில் உங்களிடமே இருக்கிறது.

நினைவு நாளுக்கு வருகிறேன். கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காக ஜெபிப்பார்கள், நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி வைப்பார்கள். நம் புராட்டஸ்டன்டு மரபில் அது இல்லை. அவர் வாழ்ந்ததற்காக ஸ்தோத்திரம் செய்வது உண்டு. நீங்கள் ஸ்தோத்திரம் செய்யுங்கள். நடுவில் அழுகை வந்து "ஆண்டவரே, எங்க அப்பத்தாவைப் பார்த்துக்கங்க" என்று வாயில் வந்துவிட்டால் அதற்காக யாரும் உங்களைச் சபையிலிருந்து தள்ளமாட்டார்கள். தள்ளினால் எனக்கு எழுதுங்கள். வீட்டுக்குப் போங்கள். படையலில் பங்கெடுப்பதா என்பதை 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களைப் படித்து உங்கள் மனச்சாட்சிப்படி முடிவு செய்யுங்கள். சித்தப்பாவோடு அன்றைக்கு வாக்குவாதம் வேண்டாம். வாழையிலை போட, தண்ணீர் ஊற்ற, பந்தியில் நிற்க ஆள் தேவைப்படும்.

ஒரு வேலை மட்டும் எனக்காகச் செய்யுங்கள். அன்று சாயங்காலம் காலனிப் பக்கம் நடந்து போய், அந்த வேதக்கோயிலில் உங்கள் அப்பத்தா வயதுக்காரர் யாராவது இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் யாராவது என்றைக்காவது உங்கள் தெருவுக்கு வர முயன்றாரா என்று கேளுங்கள். வந்திருந்தால், அவரை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்றும் கேளுங்கள்.